நைட் ஷிஃப்ட் சர்வர் டீமுக்கு: அந்த 90 செகண்ட் பத்தி

அண்ணன்களுக்கு வணக்கம், யாரையும் குத்திக் காட்ட எழுதல, தப்புல பாதி என்னோடது.

போன வாரம் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டு டேட்டாபேஸ் சர்வர் படுத்துச்சுல்ல, ஆன் பண்ணா போஸ்ட்கிரெஸ் (நம்ம டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) எழுந்திரிக்கவே மாட்டேங்குது, சிஸ்டம்சிடிஎல் (சர்வீஸ் நிலைமைய காட்டுற கமாண்ட்) "ஃபெயில்டு"னு சிவப்புல காட்டுதுன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்பிட்டீங்க, அதுக்குள்ள மூணு ரீபூட் முடிஞ்சிருந்துச்சு. நான் லாக்கைப் பாத்தா அது பாட்டுக்கு வேலை செஞ்சிட்டுதான் இருந்துருக்கு. ஒழுங்கா ஷட்டவுன் ஆகல, ஆட்டோமேட்டிக் ரெக்கவரி, அதாவது பாதியில நின்ன டேட்டாவ தானா சரிபண்ற வேலை, ஓடுதுன்னு தெளிவா எழுதி வச்சிருக்கு.

நடந்தது என்னன்னா, சோர்ஸ்லருந்து கம்பைல் பண்ணதால யூனிட் ஃபைல (சர்வீஸ எப்படி ஸ்டார்ட் பண்ணணும்னு சொல்றது) நான்தான் கையால எழுதுனேன், டைப் நோட்டிஃபைன்னு, அதாவது ரெடியானா தகவல் சொல்லும்னு போட்டுட்டு, எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு சொல்ற டைம்அவுட் வரிய விட்டுட்டேன். லினக்ஸ்ல சர்வீஸ்கள ஸ்டார்ட் பண்ற சிஸ்டம்டி சும்மா விட்டா 90 செகண்ட்தான் பொறுக்கும், ரெடின்னு தகவல் வரலன்னா நிறுத்திடும். நம்ம ரெக்கவரிக்கு அது பத்தல. பாதியில நிறுத்துனா விட்ட எடத்துலருந்து தொடராது, பழைய செக்பாயின்ட்லருந்து (கடைசியா டேட்டாவ டிஸ்க்ல எழுதி முடிச்ச எடம்) திரும்ப மொதல்ல. அதான் எத்தன தடவ ரீபூட் அடிச்சாலும் அதே கத. போஸ்ட்கிரெஸ் டாக்குமென்டேஷன்லயே இந்த 90 செகண்ட எச்சரிச்சு, மாதிரி யூனிட் ஃபைல்ல டைம்அவுட்செக் இன்ஃபினிட்டின்னு, அதாவது நேரக் கெடுவே இல்லன்னு குடுத்துருக்காங்க. படிச்சிருக்கணும், படிக்கல.

இப்ப அந்த வரிய போட்டாச்சு. அதனால இனிமே ஸ்டார்ட் கமாண்ட் ரொம்ப நேரம் திரும்பி வராம நிக்கலாம், பயந்து கன்ட்ரோல்-சி அடிச்சு ரீபூட் பண்ணிடாதீங்க. பிஎஸ் (ஓடுற ப்ராசஸ் லிஸ்ட்ட காட்டுற கமாண்ட்) போட்டு பாருங்க, "ஸ்டார்ட்அப் ரெக்கவரிங்"னு ஒரு ப்ராசஸ் பக்கத்துல நீளமா ஒரு ஃபைல் பேரு இருக்கும், அது மாறிட்டே இருந்தா உயிரோட இருக்குன்னு அர்த்தம், போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.

இன்னொண்ணு, இது கெஞ்சிக் கேக்குறது. டேட்டா டைரக்டரில இருக்கிற போஸ்ட்மாஸ்டர் டாட் பிஐடி ஃபைல (ஓடுற சர்வரோட ப்ராசஸ் நம்பர் இருக்கிற பூட்டு மாதிரி) "பழசா இருக்கு"ன்னு அழிக்காதீங்க. பழசா இல்லையான்னு போஸ்ட்கிரெஸே பாத்துக்கும். பழைய ப்ராசஸ் இன்னும் உள்ள ஓடிட்டு இருக்கும்போது அத தூக்கிட்டு புதுசு ஸ்டார்ட் பண்ணா ரெண்டு சர்வர் ஒரே டேட்டாவுல கை வைக்கும், அப்புறம் பேக்கப்தான் கதி, நம்ம பேக்கப் எந்த லட்சணத்துல இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அழிக்கணும்னு தோணுச்சுன்னா எத்தன மணியானாலும் எனக்கு போன் போடுங்க, திட்ட மாட்டேன்.