ஆண்டறிக்கை: நோ எப்பிடி எண்டு வீடு வீடா கேட்ட வருசம்

மதிப்புக்குரிய தலைவர் ஐயா, பொருளாளர் அக்கா, நிர்வாகக் குழு ஆக்கள், இந்த மழைக்குள்ளயும் வந்து சேர்ந்த அங்கத்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வருத்தக்காரருக்கு வீடு தேடிப் போய் உதவுற எங்கட சங்கத்தோட வழமையான விசயங்கள முதல்ல சொல்லி முடிச்சிடுறன். மாதாந்தக் கூட்டங்கள் நடந்தது, மார்கழியில வெள்ளம் நிண்டதால ஒண்டு தள்ளிப் போச்சு. திருகோணமலையில பாலையூற்று, அன்புவழிபுரம், திருக்கடலூர் பக்கத்தால புது ஆக்கள் சேர்ந்திருக்காங்க, கிண்ணியாவுல இருந்தும் பாலத்தால வந்து போறாங்க, அவங்களுக்கு தனியா ஒரு நன்றி. கணக்கறிக்கைய பொருளாளர் அக்கா வாசிப்பா. இரவல் குடுக்கிற சக்கர நாற்காலி, வோக்கர், காத்து மெத்தை எல்லாம் பாவனையில இருக்கு, சிலது திரும்பி வரேல்ல, அதப் பத்தி கடைசில.

இனி நான் கதைக்க வந்த விசயம். போன பொதுக்கூட்டத்துல, வருத்தக்காரர் வீட்டுக்கு போனா சாமான் குடுத்திட்டு வாறது மட்டும் காணாது, நோ, அதாவது வலி, எப்பிடி இருக்கு எண்டும் கேக்கோணும் எண்டு முடிவெடுத்தம். கேட்டம். வந்த மறுமொழிகள் கன நாள் என்னைய நித்திரை கொள்ள விடேல்ல, அதால தான் இந்த முறை அறிக்கை இவ்வளவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்க.

முதல்ல எல்லாரும் சொல்லுற பதில் ஒண்டு தான்: "பரவாயில்ல தம்பி." அத எழுதிக்கொண்டு வெளிய வந்தா, குசினிக்குள்ள நிக்கிற மகள் பின்னால வந்து மெதுவா சொல்லுவா, அம்மா ராவெல்லாம் முனகிக்கொண்டு தான் கிடக்கிறா, விடியப்புறம் தான் கண் மூடுறா எண்டு. இதே அம்மா கிளினிக்குக்கு போனா டொக்டருக்கு முன்னாலயும் "இருக்கிறன் ஐயா" எண்டு தான் சொல்லுவா, வெளிய வரிசையில அவ்வளவு சனம் நிக்குது, டொக்டரும் கொப்பிய பாத்து பழைய குளிசையையே திரும்ப எழுதிடுவார். டொக்டர குறை சொல்ல நான் வரேல்ல, சொல்லாத நோவ அவர் எப்பிடி அறிவார். ஆனா ஏன் சொல்லுறேல்ல எண்டு விசாரிச்சா, ஒருத்தர் பிள்ளைகளுக்கு செலவு கூடும் எண்டு பயப்படுறார், இன்னொருத்தர் சொன்னா வார்ட்டுல மறிச்சுப் போடுவாங்க எண்டு, இன்னொரு அம்மா போன பிறப்புப் பாவம் அனுபவிச்சே தீரோணும் எண்டு. அந்தக் கடைசி மறுமொழிக்கு எனக்கு கோவமே வந்திட்டு. காவடி எடுக்கிறவர், தீ மிதிக்கிறவர் தானா விரும்பி அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர், அந்த நோவு அவரோட பக்தி, அதுக்கு நான் தலை வணங்குறன். புற்றுநோய ஆரும் நேர்ந்துகொண்டு எடுக்கேல்லயே.

பொம்பிளைகள்ட நோவ பத்தியும் ஒரு வார்த்தை. மாதா மாதம் வயித்து நோவுல பள்ளிக்கூடம் போக ஏலாம சுருண்டு கிடக்கிற பிள்ளைக்கு "இதெல்லாம் எங்களுக்கும் வந்தது தானே" எண்டு சொல்லி விடுறம். அதுக்கு மருந்து இருக்கு, அதோட மாதா மாதம் மோசமா வந்தா வேற வருத்தமாவும் இருக்கலாம், டொக்டரிட்ட காட்டத் தான் வேணும். தாங்கப் பழகினது எண்டது மருந்து குடுக்காம விடுறதுக்கு ஒரு காரணமே இல்ல.

இந்த வருசம் நாங்க திரும்பத் திரும்பக் கண்டது என்னெண்டா, பயப்பட வேண்டிய மருந்த பயமில்லாம விழுங்குறம், டொக்டர் அளவு பாத்து குடுத்தா ஆள எழுப்பி இருத்துற மருந்துக்கு நடுங்குறம்.

நடுங்குறது மோர்பின் எண்ட கடும் நோவுக்கான மருந்துக்கு. திருக்கடலூர் பக்கத்துல ஒரு மாமிக்கு மார்புப் புற்றுநோய் எலும்புக்கு பரவி, படுத்தா திரும்ப ஏலாது, இருந்தா எழும்ப ஏலாது. ஆஸ்பத்திரியில மோர்பின் குளிசை குடுத்துத் தான் விட்டிருக்காங்க, மகன் அத அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டி வச்சிருக்கிறார், ஏன் தம்பி எண்டு கேட்டா, "அது கடைசிக்கு குடுக்கிறது அண்ணே, குடுத்தா அம்மா முடிஞ்சிடுவா" எண்டு அழுறார். அந்தப் பிள்ளை தாய்ல வச்ச பாசத்துல தான் மருந்த ஒளிச்சது. எங்கட அங்கத்தவர், ஓய்வு பெற்ற நேர்ஸ் அக்கா, பக்கத்துல இருந்து நேரம் எடுத்து விளங்கப்படுத்தினா: 1986ல உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூண்டு படியா மருந்து குடுக்கிற முறைய வெளியிட்டது, முதல் படி பனடோல் (பரசிற்றமோல்) மாதிரி, நடுவுல கோடீன் மாதிரி, அதுக்கு மேல மோர்பின், எந்தப் படி எண்டத தீர்மானிக்கிறது நோ எவ்வளவு எண்டது, ஆள் எத்தின நாள் இருப்பார் எண்டது இல்ல. நோ வந்த பிறகு இல்ல, வர முதல் மணிக்கணக்குப்படி குடுக்கோணும். முதல் கொஞ்ச நாள் நித்திரையும் குமட்டலும் வரும், அது அநேகமா குறையும், மலச்சிக்கல் மட்டும் குறையாது, அதுக்கு தொடக்கத்துலயே மருந்து சேர்த்து எடுக்கோணும். இந்த மலச்சிக்கல ஆரும் முன்னமே சொல்லாததால மோர்பினயே நிப்பாட்டின வீடுகளும் கண்டம், எவ்வளவு அநியாயம் பாருங்க. திடீரெண்டு நிப்பாட்டவும் கூடாது. சிறுநீரகம் பழுதானவங்களுக்கு அளவு மாத்தோணும், அத டொக்டரிட்ட கட்டாயம் சொல்லோணும்.

மாமி மருந்து எடுக்கத் தொடங்கினா. நித்திரை கொண்டா. பிறகு விறாந்தையில கதிரை போட்டு இருந்து, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போறத பாத்து, சோறு கேட்டு சாப்பிட்டா, மாசக்கணக்கா இருந்தா. வருத்தம் தான் அவவ கொண்டு போனது, மருந்து இல்ல.

பயத்துக்கு ஒரு நியாயமும் இருக்கு, அத மறைக்க ஏலாது. குடு, ஐஸ் எண்ட போதைப்பொருள்கள் எங்கட பொடியன்கள என்ன செய்யுது எண்டு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அதால போதை எண்ட சொல்லக் கேட்டாலே தாய்மார் பதறுறாங்க. அமெரிக்காவுல நடந்தத ஒரு தம்பி ஆடிக் கூட்டத்துல கேட்டவர், சரியான கேள்வி. அங்க 1996ல ஒக்சிகொன்டின் எண்ட மோர்பின் வகைக் குளிசைய, அடிமையாகிற ஆபத்து குறைவு எண்டு சொல்லி சாதாரண நாள்பட்ட நோவுக்கும் தாராளமா வித்து பெரிய அழிவு வந்தது, அத வித்த கம்பனி தரப்பு 2007லயும் 2020லயும் நீதிமன்றத்துல குற்றத்த ஒத்துக்கொண்டது. அதால இந்த வகை மருந்துக்கு டொக்டர்ட கண்காணிப்பு வேணும், வீட்டுல பூட்டி வைக்கோணும், மிஞ்சினத ஆஸ்பத்திரிக்கு திருப்பிக் குடுக்கோணும். ஆனா எங்களுக்கு உள்ள பிரச்சினை மற்றப் பக்கம். லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையோட ஆணைக்குழு 2017ல வெளியிட்ட கணக்குப்படி உலகத்துல ஒரு வருசத்துக்கு பகிர்ந்த மோர்பின் வகை மருந்து 298.5 டன், மிக வறிய நாடுகளுக்கு போய்ச் சேர்ந்தது வெறும் 0.1 டன். இலங்கை அந்த மிக வறிய வரிசையில இல்ல, எங்கட ஆஸ்பத்திரியில இலவசமா குடுக்கிறாங்க, அப்பிடி கைக்கு வந்தத வருத்தக்காரருக்கு குடுக்காம அலுமாரியில பூட்டி வைக்கிறம்.

இனி மற்றப் பக்கம், டொஃபி மாதிரி சாப்பிடுற குளிசைகள். டைக்ளோபினாக், ஐபுப்ரூபன். பாமசியில போய் "நோவுக்கு ரெண்டு தாங்க" எண்டா டொக்டர்ட துண்டு கேக்காமலே குடுக்கிற இடங்கள் இருக்கு. தம்பலகாமத்துல ஒரு விவசாயி ஐயா, இடுப்பு நாரி நோவுக்கு வருசக்கணக்கா இதையே போட்டு வயல் செஞ்சிருக்கிறார், பிரசரும் இருக்கு, இப்ப ரத்தப் பரிசோதனையில, சிறுநீரகம் பழுதாகிறத காட்டுற கிரியட்டினின் கூடிட்டு. எங்கட மாவட்டத்துலயே பதவிசிறிபுர பக்கம் சிறுநீரக வருத்தத்தால பட்ட பாடு தெரியும், அந்தச் சூழலுக்குள்ள, தண்ணி குடிக்காம வெயிலுக்குள்ள வேலை செஞ்சு, அதுக்கு மேல இந்தக் குளிசையும் போட்டா சிறுநீரகம் என்னத்துக்கு ஆகும். வயித்துப் புண்ணும் ரத்தக் கசிவும் வேற. காய்ச்சலோட உடம்பு நோ வந்தா இவைகள தொடவே கூடாது, டெங்குவா இருந்தா ரத்தம் கசியும், 2017ல கிண்ணியாவுல டெங்கு செஞ்ச அழிவ மறந்திடாதீங்க. காய்ச்சலுக்கு பனடோல் மட்டும், அதுவும் பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆகக் கூடினது 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை 8, அதுக்கு மேல போனா ஈரல் பழுதாகும்.

இன்னொண்டு, பேர் இல்லாத கடதாசிப் பக்கற்று. ஒரு டிஸ்பென்சரியில வெள்ளையும் மஞ்சளுமா மூண்டு குளிசை போட்டு குடுத்து, கடல் தொழில் செய்யிற ஒரு அண்ணனுக்கு தோள்மூட்டு நோ ரெண்டு நாள்ல பறந்திட்டாம். கெட்டிக்கார டொக்டர் எண்டு ஊரெல்லாம் சொல்லி அதையே தொடர்ந்து போட்டவர், பிறகு முகம் உப்பி, சீனி கூடி ஆஸ்பத்திரிக்கு போனா, அந்தக் குளிசைக்குள்ள ஸ்டீரோயிட் எண்ட, வீக்கத்த அமத்துற கடும் மருந்து இருந்திருக்கு. கன நாள் எடுத்தத திடீரெண்டு விடவும் ஏலாது, டொக்டர் மெல்ல மெல்ல குறைச்சு வாறார். தயவுசெய்து எந்த இடத்துல மருந்து எடுத்தாலும் பேர எழுதித் தரச் சொல்லி கேளுங்க, கேக்கிறது மரியாதைக் குறைவு இல்ல.

பரியாரியார்ட எண்ணெய், ஒத்தணம், நொச்சி இலை, கன்னியா வெந்நீர் ஊத்து இதெல்லாம் விடச் சொல்லி நான் ஒருக்காலும் சொல்லமாட்டன். சூடு தசைய இளக வைக்கும், ஒருத்தர் பக்கத்துல இருந்து எண்ணெய் பூசி விடுறதே நோவுக்கு பாதி ஆறுதல். ஒண்டு மட்டும், சீனி வருத்தத்துல கால் விறைச்ச ஆக்களுக்கு சுடு ஒத்தணம் வேணாம், சுட்டாலும் தெரியாது, புண்ணான பிறகு தான் தெரியும்.

கால் விறைப்பு எரிவு எண்ட உடன இன்னொரு விசயம். நரம்பு நோவுக்கு அமிட்ரிப்டிலின் எண்ட குளிசைய இரவுல சின்ன அளவுல குடுக்கிறது உலகம் முழுக்க உள்ள வழக்கம். ஒரு ஆன்ட்டி ஃபோன்ல தேடிப் பாத்து, மனச்சோர்வுக்கு குடுக்கிற மருந்து எண்டு கண்டு, "எனக்கென்ன விசரா?" எண்டு குப்பையில போட்டிட்டா. அதே மருந்து குறைஞ்ச அளவுல நரம்புல வேலை செய்யும், பலன் தெரிய ஒண்டு ரெண்டு கிழமை போகும், வாய் காயும், நித்திரைத் தூக்கமும் வரலாம். எழுதிக் குடுக்கேக்கயே இத ஒரு வரியில சொல்லியிருந்தா அவ எறிஞ்சிருக்க மாட்டா.

யுத்தத்துல கால் இழந்தவங்க எங்கட அங்கத்தவர்லயும் இருக்காங்க. சம்பூர் பக்கத்து ஒரு தம்பி இந்த வருசம் தான் வாய் திறந்தார், இல்லாத கால்ட விரல் எரியுது, யாரோ முறுக்குறாங்க எண்டு. இத்தின வருசமா ஏன் சொல்லேல்ல எண்டா, சொன்னா பைத்தியம் எண்டுவாங்க எண்டு பயமாம். தம்பி, அது உண்மையான நோ, மூளைக்குள்ள அந்தக் காலுக்குரிய இடம் இன்னும் இருக்கு. தமிழ்நாட்டுல பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் எண்ட விஞ்ஞானி 1990கள்ல கண்ணாடி வச்சு இதுக்கு ஒரு பயிற்சி கண்டுபிடிச்சவர், இருக்கிற காலோட பிம்பத்த கண்ணாடியில பாத்து அசைக்க, மூளை மற்றக் காலும் அசையுது எண்டு எடுத்துக்கொள்ளும். எல்லாருக்கும் பலிக்கிறேல்ல. ஃபிசியோ மிஸ்ட ஆலோசனையோட அலுமாரிக் கண்ணாடி ஒண்ட கழட்டி செஞ்சு பாத்தம், அந்தத் தம்பிக்கு கொஞ்சம் குறையுதாம், இன்னொருத்தருக்கு ஒண்டும் தெரியேல்லயாம். ஆனா ரெண்டு பேரும் இப்ப அதப் பத்தி ஆக்களோட கதைக்கிறாங்க.

கிண்ணியாவுல ஒரு வாப்பாக்கு தொண்டையில புற்றுநோய், ரமழான்ல பகல்ல குளிசை வேணாம் எண்டு பிடிவாதம். மௌலவி வந்து, வருத்தக்காரருக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு எண்டு பொறுமையா சொல்லியும் அவர்ட மனசு ஆறேல்ல. மகன் டொக்டரிட்ட நேரா விசயத்த சொன்னார், டொக்டர் 12 மணித்தியாலம் வேலை செய்யிற வகைக்கு மாத்தி விடிய முதல் சஹர் சாப்பாட்டுக்கும் நோன்பு திறக்கவும் எடுக்க வச்சார். வாய் திறந்து கேட்டதால கிடைச்ச வழி.

2022ல மருந்து தட்டுப்பாடு வந்த நேரம் பழகின ஒரு பழக்கம் இன்னும் போகேல்ல, குளிசைய பாதியா உடைச்சு மிச்சம் பிடிக்கிறது. இப்ப அப்பிடிச் செய்ய வேணாம், முடியப் போகுது எண்டா எங்களுக்கு சொல்லுங்க, கிளினிக்குல வாங்கித் தர ஆள் விடுறம். நீண்டு வேலை செய்யிற குளிசைய உடைச்சா ஆபத்தும் கூட.

லண்டன்ல 1967ல, கடைசி நாட்கள்ல இருக்கிற வருத்தக்காரர பராமரிக்கிற புனித கிறிஸ்தோபர் இல்லத்த தொடங்கின சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், நோ எண்டது உடம்புல மட்டும் இல்ல, மனசு, குடும்பம், காசு, கடவுள் எல்லாம் சேர்ந்தது எண்டு சொன்னவ. கோழிக்கோட்டுல டொக்டர் ராஜகோபால், டொக்டர் சுரேஷ் குமார் ஆக்கள் 1993ல நோ தணிக்கிற பராமரிப்புக்கு ஒரு சின்ன சங்கமா தொடங்கினது, பிறகு அயலட்டை ஆக்களே வீட்டுக்கு போய் பாக்கிற முறையா கேரளம் முழுக்க பரவி, 2008ல மாநில அரசு கொள்கையாவே எடுத்தது. அங்க ஏலும் எண்டா இங்க ஏன் ஏலாது. வைத்தியத்துக்காக மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கும் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் அலையிற எங்கட புற்றுநோய்க்காரருக்கு, திரும்பி வந்து வீட்டுல கிடக்கிற நாட்கள்ல பக்கத்துல ஆள் வேணும்.

அதால வாற வருசத்துக்கு நிர்வாகக் குழு முன்வைக்கிறது: ஒவ்வொரு வருத்தக்காரருக்கும் ஒரு நோ கொப்பி, காலமை, மத்தியானம், இரவு எண்டு பூச்சியத்துல இருந்து பத்து வரைக்கும் நோவுக்கு ஒரு இலக்கம், எந்த இடம், எரிவா குத்தா உளைவா, குளிசை எடுத்த நேரம், மலம் போன நாள், இத கிளினிக் கொப்பியோட சேர்த்து டொக்டருக்கு காட்டுறது. தனிய போறவங்களோட கிளினிக் நாள்ல கூடப் போக ஒருத்தர். தை மாசத்துக்குள்ள ஆஸ்பத்திரியில இருந்து ஒரு டொக்டர கூப்பிட்டு மோர்பின பத்தி பேச வைக்கிறது, முக்கியமா பராமரிக்கிற மகன் மகள்மாருக்கு. கூடப் போக விரும்புறவங்க கூட்டம் முடிய நேர்ஸ் அக்காட்ட பேர் குடுங்க, பைக் இருக்கிற பொடியன்கள் கட்டாயம் குடுக்கோணும்.

வோக்கரும் காத்து மெத்தையும் தேவை முடிஞ்ச வீடுகள் தயவுசெய்து இந்தக் கிழமைக்குள்ள திருப்பித் தாங்க, மனையாவெளியில ஒரு ஐயா முதுகுப் புண்ணோட மெத்தைக்கு பாத்துக்கொண்டு இருக்கிறார். அறிக்கைய சபை ஏற்றுக்கொள்ளோணும் எண்டு முன்மொழியிறன், வழிமொழிய ஒருத்தர் எழும்புங்க.