ஒரு சுவிட்ச் விழுந்தால் ஒரே ஒரு அலர்ட் போதும்

நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளை எழுதுகிற, வடிவமைக்கிற, விற்கிற எல்லோருக்கும் வணக்கம்.

நீங்கள் செய்த திரையின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர்களில் நானும் உண்டு. ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் புது டாஷ்போர்டு, புது நிறம், அசைகிற வரைபடம் என்று ஏதாவது வருகிறது. நாங்கள் கேட்பது அது இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்தால், எழுந்திருக்க வேண்டிய காரியத்துக்குத்தான் அடிக்கிறது என்று நம்ப முடிய வேண்டும். அடிக்கவில்லையென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பித் தூங்க முடிய வேண்டும்.

பல சுவிட்சுகளை இணைக்கும் ஒரு டிஸ்ட்ரிபியூஷன் சுவிட்ச் படுத்துவிட்டால் இப்போது என்ன நடக்கிறது? அதற்குக் கீழே உள்ள ஆக்சஸ் சுவிட்ச், வைஃபை ஆக்சஸ் பாயின்ட், கேமரா, பிரிண்டர் எல்லாமே டவுன் என்று 300 மெயில் வந்து குவியும், அத்தனையும் சிவப்பு, அத்தனையும் கிரிட்டிக்கல், உண்மையில் படுத்த பெட்டியின் பெயர் மட்டும் அந்தக் குவியலின் நடுவில் எங்கோ கிடக்கும். எது எதோடு இணைந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? பக்கத்துச் சாதனத்திடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள உதவும் எல்எல்டிபி நெறிமுறை வழியாக ஒவ்வொரு சுவிட்சும் பக்கத்துச் சுவிட்சின் பெயரையும் போர்ட்டையும் தெரிந்து வைத்திருக்கிறது, நீங்களும் அதைப் படித்துத்தான் அழகாக மேப் வரைகிறீர்கள். அலர்ட் அனுப்பும்போது மட்டும் ஏன் அந்த மேப்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை? எதற்கு எது பேரன்ட் (மேலே இருக்கும் சாதனம்) என்று நாங்களே குறித்து வைத்தால், டவுன் வேறு, எட்ட முடியவில்லை என்பது வேறு என்று நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் பிரித்துக் காட்டும், அது பல வருடமாகவே உண்டு. ஆனால் கேபிளை மாற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் அதைக் கையால் யார் திருத்துவது?

அந்த ஒரு அலர்ட்டிலும் விஷயம் இருக்க வேண்டும். 'இன்டர்ஃபேஸ் 10124 டவுன்' என்று வந்தால் தூக்கக் கலக்கத்தில் எனக்கு ஒன்றும் புரியாது. அந்தப் போர்ட்டுக்கு 'மூன்றாம் மாடி அப்லிங்க்' என்று டிஸ்கிரிப்ஷன் எழுதி வைத்திருக்கிறோம், அது சாதனங்களிடம் விவரம் கேட்டு வாங்கும் எஸ்என்எம்பி நெறிமுறையிலேயே கிடைக்கிறது, அதை எடுத்து முதல் வரியில் போடுங்கள். எப்போதிலிருந்து, மாற்று வழி உயிரோடு இருக்கிறதா, கொஞ்ச நேரம் முன்னால் யாராவது கான்ஃபிகரேஷனில் கை வைத்தார்களா என்பதும் கூடவே வந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் கிராஃப். போர்ட் வழியாகப் போன தரவை எண்ணும் கவுன்டரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை படித்துச் சராசரி போட்டால், 30 விநாடி முழுசாக நிரம்பி வழிந்த லிங்க் கிராஃபில் 10 சதவீதமாகத் தெரியும். வாய்ஸ் கால் உடைகிறது என்று ஆட்கள் புகார் சொல்கிறார்கள், கிராஃபோ லிங்க் காலியாகக் கிடக்கிறது என்கிறது, நடுவில் நாங்கள் யாரை நம்புவது? அந்த நேரத்தில் போர்ட் எத்தனை பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்ப முடியாமல் கீழே போட்டது என்ற கணக்கு சுவிட்சிலேயே இருக்கிறது. அதை டிராஃபிக் கோட்டுக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள், ஐந்தாறு மெனுவுக்கு உள்ளே ஒளித்து வைக்காதீர்கள். பழைய தரவைச் சுருக்கிச் சேமிக்கும்போது சராசரியோடு உச்ச அளவையும் வையுங்கள், இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது எல்லா நெரிசலும் சமவெளியாகிவிடுகிறது. 32 பிட் கவுன்டர் முழு வேகத்தில் ஓடும் 1 ஜிகாபிட் லிங்கில் சுமார் 34 விநாடியில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், ஐந்து நிமிடத்தில் எத்தனை சுற்று போனது என்றே தெரியாது. 64 பிட் கவுன்டர் 1990களிலேயே வந்தாயிற்று. உங்கள் டெம்ப்ளேட் அதைத்தான் படிக்கிறதா என்று நாங்கள் உட்கார்ந்து சரிபார்க்கும் நிலை இருக்கக் கூடாது.

இதையெல்லாம் விட என்னைப் பயமுறுத்துவது பொய்யான பச்சை. சாதனங்களிடம் தரவு கேட்டு வாங்கும் போலர் நின்றுபோய் மணிக்கணக்காகத் தரவே வரவில்லை, திரையில் மட்டும் கடைசியாக வந்த மதிப்பு பச்சையாகவே நிற்கிறது. சாதனம் தானாக அனுப்பும் எஸ்என்எம்பி ட்ராப் என்ற எச்சரிக்கையும் அப்படித்தான், வந்து சேர்ந்ததா என்று உறுதி கேட்காத யூடிபியில் போகிறது, வழியில் தொலைந்தால் அனுப்பிய சாதனத்துக்கே தெரியாது, ஆகவே ட்ராப் வரவில்லை என்பதால் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் அது எப்போது வந்தது என்று காட்டுங்கள், பழசானால் சாம்பல் நிறமாக்குங்கள், கண்காணிப்பு சர்வரே விழுந்தால் அதைச் சொல்ல வெளியே தனியாக ஒன்று இருக்கட்டும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் எல்லாச் சாதனங்களின் கடவுச்சொல்லும் உங்கள் மென்பொருளிடம் இருக்கிறது. 2020இல் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே தீம்பொருள் நுழைந்து, அது அப்படியே வாடிக்கையாளர்களின் நெட்வொர்க்குக்குள் போனதை எல்லோரும் பார்த்தோம். படிக்க மட்டும் அனுமதி போதும் என்கிற இடத்தில் அட்மின் கணக்கைக் கேட்காதீர்கள். அடையாளச் சரிபார்ப்பும் மறையாக்கமும் உள்ள எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்பு 2002இலேயே முழுத் தரநிலை ஆகிவிட்டது, இன்னும் எல்லோருக்கும் தெரிந்த 'பப்ளிக்' என்ற கம்யூனிட்டி ஸ்ட்ரிங்கோடு (பழைய பதிப்புகளின் கடவுச்சொல் மாதிரி) சாதனத்தைச் சேர்க்கச் சொல்லும் அமைப்புத் திரை எதற்கு?

விலை பற்றி ஒரே ஒரு கோரிக்கை. சென்சருக்கு, அதாவது கண்காணிக்கும் ஒவ்வொரு அளவீட்டுக்கும், இவ்வளவு என்று வாங்காதீர்கள், அப்படி வாங்கினால் எதைக் கண்காணிக்காமல் விடலாம் என்று யோசிக்க வேண்டியதாகிறது, விட்டுப்போன அந்தப் போர்ட்தான் ஒருநாள் மாட்டிக்கொள்கிறது. சேர்த்து வைத்த தரவு எங்களுடையது, உங்களை விட்டுப் போகிற நாளில் அதைச் சாதாரண வடிவத்தில் முழுசாக எடுத்துப்போக ஒரு பட்டன் வையுங்கள்.

அன்புடன்,
ஒரு நெட்வொர்க் நிர்வாகி