மெஷினோடு ஒரு அளவு பாட்டிலும் கொடுங்கள்

மானியத்தில் புல் வெட்டும் மெஷின் வழங்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

அருமனைப் பக்கம் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். புல் வெட்டும் பிரஷ் கட்டர், மருந்தடிக்கும் மெஷின், செயின் சா, இவைதான் என் பிழைப்பு. களியக்காவிளை தாண்டி பாறசாலையில் இருந்தும் ஆட்கள் கொண்டு வருவார்கள். இந்த மடலைப் பல நாளாக எழுத நினைத்து, போன இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நடந்த ஒன்றுக்குப் பிறகு எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

ரப்பர் விளையில் (தோட்டத்தில்) பால் வெட்டும் ஒரு அக்கா ஆட்டோவில் மெஷினைப் போட்டுக்கொண்டு வந்தார். மானியத்தில் கிடைத்து ஒன்பதே நாள். கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன், பிஸ்டனில் மேலும் கீழுமாகக் கீறல், ரிங் அதோடு ஒட்டிப் போயிருந்தது. "என்ன ஊத்தினீங்க அக்கா?" என்று கேட்டேன். "பெட்ரோல்தான் தம்பி, வேற என்ன ஊத்தணும்?" என்றார்.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து, மெஷினைக் கையில் கொடுத்தவர்கள் யாரும் அவரிடம் ஆயில் என்ற சொல்லையே சொல்லவில்லை. கூடவே வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பிஸ்டன், ரிங், சிலிண்டர் மூன்றையும் மாற்றினால்தான் ஓடும் என்று நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இந்த மெஷினில் இருக்கும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து உள்ளே போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் வழவழப்பு கொடுக்கிறது, அது இல்லாமல் வெறும் பெட்ரோலில் ஓடினால் சிலிண்டர் சூடேறி பிஸ்டன் விரிந்து பிடித்துவிடும். கலக்கும் அளவு கஷ்டமானது ஒன்றும் இல்லை. 1:50 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 1:25 என்றால் 40 மில்லி. ஆனால் இங்கே அளவு என்பது "ஒரு மூடி". எந்த பாட்டில் மூடி என்று யாருக்கும் தெரியாது. பயந்துபோய் நூறு மில்லி ஊற்றுகிறவர்களும் உண்டு, அப்போது பிளக் கறுத்து, சைலன்சர் வாயில் இருக்கும் சல்லடை கரி பிடித்து அடைத்து, மெஷின் வேகமே எடுக்காது.

முன்பு இதைச் சொல்லித்தர வேண்டிய தேவை இருக்கவில்லை. டி.வி.எஸ். 50 ஓட்டிய எங்கள் அப்பா தலைமுறைக்கு பங்க்கில் பெட்ரோலோடு 2டி ஆயில் சேர்த்து ஊற்றுவது பழக்கம். அந்த மொபெட்டே 2015இல் எக்ஸ்.எல். 100 ஆகி ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வந்துவிட்டது. இன்றைக்கு இருபத்தைந்து வயதுப் பையன் தன் வண்டிக்கு எதையும் கலந்ததே இல்லை, அவன் கையில் டூ ஸ்ட்ரோக் மெஷினைக் கொடுத்தால் வேறு எப்படித் தெரியும்?

இதை விடக் குழப்பம் ஒன்று இருக்கிறது. ஒரே விளையில் இரண்டு மெஷின், இரண்டுக்கும் தோளில் மாட்டும் வார், இரண்டும் பார்க்க ஒன்று போலவே. ஒன்று டூ ஸ்ட்ரோக், மற்றது ஃபோர் ஸ்ட்ரோக். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயிலைத் தனியாக அடியில் ஊற்றி, டாங்கில் வெறும் பெட்ரோல் போட வேண்டும். ஒரு கேனில் இருப்பதை எடுத்து இரண்டிலும் ஊற்றுகிறார்கள். டூ ஸ்ட்ரோக் மெஷினின் டாங்கின் மேல் "ஆயில் கலந்த பெட்ரோல் மட்டும்" என்று தமிழில் கையகல ஸ்டிக்கர் ஒட்ட எவ்வளவு செலவாகும்?

அப்புறம் பெட்ரோல். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பல கம்பெனிகளின் கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றே இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். எங்கள் ஊரில் இடவப்பாதி ஒரு தடவை, துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) ஒரு தடவை என்று வருடத்தில் இரண்டு மழைக்காலம், ரப்பர் விளையில் வெயில் தரையைத் தொடுவதே அபூர்வம். மூடி சரியாக இறுகாத கேனை ஷீட் அடிக்கும் கொட்டகையில் இரண்டு மாதம் வைத்திருந்தால், தண்ணீர் சேர்ந்து எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும், நாம் அளந்து கலந்த ஆயிலோ மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். டாங்கிலும் இதே கதைதான். பெட்ரோலை உறிஞ்சும் ஃபில்டர் கிடப்பது டாங்கின் அடியில், அதனால் இன்ஜினுக்குள் போவது ஆயில் இல்லாத அந்த அடித் தண்ணீர்தான். சரியாகக் கலந்தும் பிஸ்டன் போய்விட்டது என்று வருகிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான், அவர்களிடம் "பொய் சொல்றீங்க" என்று முன்பு நான் சொல்லியிருக்கிறேன், இப்போது அதற்காக வருந்துகிறேன். கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தகடும் இந்தப் பெட்ரோலில் விறைத்துப் போகிறது. அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து எடுத்து வைக்கும்போது டாங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிடச் சொல்லுங்கள்.

பாதிப் பேருக்கு என்னிடம் வரவே தேவையில்லை. பத்து நிமிடம் ஓடி நின்று போகிறதா, டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய் மறுபடி ஓடினால் காற்று வரும் துளை மண் பிடித்து அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போயிருக்கிறது, துடைத்து, சோக்கைத் திறந்து, சற்று ஆறவிட்டு இழுக்கலாம். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை, டாங்குக்குள் இருக்கும் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டினாலே பல மெஷின் சரியாகிவிடும். பிளேடைப் பிடித்திருக்கும் நட் பெரும்பாலும் இடப்புரி மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் வழக்கம் போலத் திருகி, இறுகிப் போனதும் சுத்தியலால் அடித்து, கியர் பெட்டியையே உடைத்துக் கொண்டு வருகிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தால் அந்த மெஷினோடு யாரும் விளைக்குள் போகக் கூடாது. ஐடில் ஸ்க்ரூ (ஆக்ஸிலேட்டர் கொடுக்காதபோது ஓடும் வேகத்தை வைக்கும் திருகு) அதிகமாக வைக்கப்பட்டிருக்கும், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கும். சரிவான விளையில் கால் வழுக்கினால் அந்த பிளேடு எங்கே போகும் என்பது நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மெஷினோடும் 20, 40 என்று கோடு போட்ட அளவு பாட்டில் ஒன்று. டாங்க் மேல் தமிழ் ஸ்டிக்கர். வழங்கும் நாளில் போட்டோவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு லிட்டர் கலந்து, தன் கையால் பிளக்கைக் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள். முடிந்தால் ஒரு பிளக்கும் கார்பரேட்டர் ரப்பர் தகடும் கூடவே கொடுங்கள்.

அந்த அக்காவின் மெஷின் இப்போது ஓடுகிறது. பழைய மருந்து பாட்டில் ஒன்றில் நகப்பாலிஷால் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன், பக்கத்து விளைக்காரர்களும் அதையே இரவல் வாங்குகிறார்களாம். அடுத்த முறை மெஷின் கொடுக்கும் தேதி முடிவானதும் சொல்லுங்கள். கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன், கூலி வேண்டாம். கீறல் விழுந்த பிஸ்டன் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன், அதையும் எடுத்து வருகிறேன். ஆளுக்கு ஒன்றாகக் கையில் வாங்கித் தடவிப் பார்க்கட்டும்.