தூணின் கால்

அன்புள்ள மகளுக்கு,

படங்கள் கிடைத்தன. தூணின் அடி ஒரு முழத்துக்கு மக்கிப்போயிருக்கிறது, இரும்புத் தகடு கொடுத்து போல்ட் முடுக்கிவிடலாம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வேலை சீக்கிரம் முடியும், சரி. எனக்கு மனசு ஒப்பவில்லை.

மரம் வெட்டிய பிறகும் அசையும். நீளவாட்டில் அசைவு அநேகமாக இல்லை. குறுக்குவாட்டில் அப்படியில்லை, பச்சை மரம் முழுக்கக் காய்வதற்குள் 8 சதவீதம் வரை சுருங்குவதுண்டு. காய்ந்த பிறகும் மழைக்கு உப்பும், வெயிலுக்கு இளைக்கும். இரும்பு கூடவே இளைக்காது. போல்ட் தளரும், குளிரில் வியர்க்கும், அந்த ஈரம் நேரே மரத்துக்குள் போகும். ஓக் போலத் துவர்ப்புச் சத்துள்ள மரமென்றால் இரும்பும் அரித்து, மரமும் கறுத்துவிடும்.

சீனாவின் யிங்சியான் மரக்கோபுரம் 1056-இல் கட்டியது, 67 மீட்டர் உயரம். அதில் கட்டைமேல் கட்டையாக வாய்வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். பூமி ஆடும்போது ஒவ்வொரு பொருத்தும் கொஞ்சம் உரசி, கொஞ்சம் நகர்ந்து, ஆட்டத்தை வாங்கிக்கொள்கிறது.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார். நார்வேயின் பழைய மரத் தேவாலயங்களில் தூணை மண்ணில் புதைத்தார்கள், அழுகியது. பிறகு கல்லின்மேல் கட்டை போட்டு அதன்மேல் தூணை நிறுத்தினார்கள். 12-ஆம் நூற்றாண்டு உர்னெஸ் தேவாலயம் இன்றும் நிற்கிறது. உன் தூணைச் சுற்றி மண் மேடேறியிருக்கிறதா?

அப்புறம் அறுப்பு. கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே மேலே போ. சத்தம் கணீரென்று மாறும் இடத்துக்கும் கொஞ்சம் மேலே அறு. புதுக் கால் அதே மரமாக, நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். பழைய தூணும் புதுக் காலும் சேரும் ஒட்டு, தூண் கனத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளம் வேண்டும். வெளிப்பக்க வாய் தண்ணீர் தங்காமல் வழியும்படி சரிந்திருக்கட்டும். ஜப்பானில் இப்படிக் கால் மாற்றுவதற்கு ‘நெட்சுகி’ என்று தனிப் பெயரே உண்டு.

உத்திரத்தைக் கழற்ற வேண்டிவந்தால் மர ஆணியில் கவனம். என் முதல் வேலையில் துளைப்பலகை, அதன் துளைக்குள் நுழையும் கட்டை முனையான கழுந்து, இரண்டையும் சேர்த்து வைத்து நேராக ஓட்டை போட்டேன். அழகாகத்தான் இருந்தது. ஒரு கோடை போனதும் கழுந்தின் தோளில், அதாவது அது கட்டையோடு சேரும் படியில், நகம் நுழையும் இடைவெளி! வாத்தியார் திட்டவில்லை, கழற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது திட்டைவிட மோசம். கழுந்தில் போடும் ஓட்டையைத் தோள் பக்கமாக 2 மில்லிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். ஆணி வளைந்து நுழையும்போதே கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கிவிடும்.

கழற்றுவதற்கு முன் பொருத்துகளின் ஓரத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று பழைய தச்சர்கள் உளியால் கீறி வைத்திருப்பார்கள். ஏதாவது தெரிந்தால் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து எனக்கு அனுப்பு. அதுவரை ரம்பத்தைத் தொடாதே.

அப்பா