பாட்டி கையில் மூன்றாவது பிரஷர்

ஆசிரியருக்கு,

ஆத்தூர் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். போன மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு மருத்துவக் கல்லூரி பஸ் வந்தது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதலாண்டிலேயே கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்கள் உடல்நலத்தைக் கவனிக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் கொண்டுவந்த திட்டத்துக்காக வந்திருந்தார்கள். நல்ல திட்டம்தான்.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு பிரஷர் பார்த்தார்கள். அடிக்கடி வயிறு கழிகிறது என்றார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்த வாரம் அதே வளாகத்து நர்சிங் மாணவிகள் வந்தார்கள். மறுபடியும் பிரஷர், மறுபடியும் வெந்நீர். அதற்கு ரெண்டு நாள் கழித்து வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரைக்கு மருந்து கொடுக்கும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலர் வந்து கையில் பட்டையைச் சுற்றினார். "எத்தனை வாட்டிதான் இறுக்குவீங்க கண்ணு?" என்று பாட்டி அலுத்துக்கொண்டார்.

ஆனால் அந்தப் பெண்தான் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையைப் பாயில் கொட்டிப் பார்த்தார். தான் கொடுத்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை அட்டையோடு, டவுன் டாக்டர் எழுதிக்கொடுத்த இன்னொரு அட்டையும் கிடந்தது. பேர் வேறு, சரக்கு ஒன்று. பாட்டி ரெண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை அளவு கூடினால் வயிறு கழியாமல் என்ன செய்யும்? ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் போனில் கேட்டு ஒன்றை நிறுத்தினோம்.

முதலாண்டுப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். மருந்தியலே அவர்களுக்கு இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது. கூட ஒரு ஃபார்மசி மாணவர் வந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பார். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மாணவர்களோடு நர்சிங், பிசியோதெரபி மாணவர்களும் சேர்ந்தே கிராமத்தில் தங்கிக் குடும்பங்களைப் பார்க்கிறார்கள். மற்ற கல்லூரிகளுக்கு என்ன தடை? மருத்துவத்துக்கு ஒரு ஆணையம், நர்சிங்குக்கு ஒரு கவுன்சில், ஃபார்மசிக்கு ஒரு கவுன்சில் என்று விதிகள் தனித்தனியாக இருக்கலாம். வளாகமும் பஸ்ஸும் ஒன்றுதானே! எம்.பி.பி.எஸ்., நர்சிங், ஃபார்மசி, பிசியோதெரபி என்று நாலு படிப்புப் பிள்ளைகளையும் ஒரே நாளில், ஒரே வீட்டுக்கு அனுப்பட்டும். முன்னால் அந்த ஊர் செவிலியரும் தன்னார்வலரும் நடக்கட்டும். எந்த வீட்டில் எந்தப் பை தொங்குகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பாட்டிக்கு இப்போது வயிறு சரியாகிவிட்டது. பையில் இன்னும் ஏழெட்டு அட்டை மிச்சம் இருக்கிறது. மூட்டுவலிக்காம். எனக்கே பாதிப் பேர் புரியவில்லை.

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.