மூச்சிரைப்புக்கு ஸ்டெம் செல் ஊசியா? தயவுசெஞ்சு ஏமாறாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மேலூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல உயிரியல் டீச்சர். எங்க ஊர்ல கிரானைட் குவாரில வேலை பாத்தவங்க, பீடி குடிச்சவங்க, வாழ்நாள் பூரா விறகடுப்புல ஊதி ஊதி சமைச்ச பொம்பளைங்கன்னு நெஞ்சு இழுத்துக்கிட்டு கெடக்கறவங்க தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க. இப்ப கொஞ்ச நாளா அவங்க வீட்டு வாட்ஸ்அப்புக்கெல்லாம் ஒரு நோட்டீஸ் வருது, ஸ்டெம் செல் (வேற செல்லை உண்டாக்கற தாய் செல்) ஊசி போட்டா நுரையீரல் புதுசா வளருமாம்.

எங்க சித்தப்பா அதை நம்பி மதுரைல ஒரு தனியார் சென்டருக்குப் போயிட்டாரு. மூணு ஊசி, ரெண்டேமுக்கா லட்சம், அட்வான்ஸ் கட்டினாத்தான் தேதியே குடுப்பாங்களாம். எந்த செல், எங்க இருந்து எடுக்கறீங்கன்னு நான் கேட்டேன், கவுண்டர்ல இருந்த பொண்ணு கலர் கலரா ஒரு புத்தகத்தை நீட்டுனுச்சே தவிர பதில் இல்ல. சித்தப்பா அதுக்குள்ள ரோட்டோரத்துல இருந்த அரை ஏக்கருக்கு விலை பேசிட்டாரு, நல்லவேளை பத்திரம் முடியல.

ஸ்டெம் செல்லே பொய்யின்னு நான் சொல்லல, அது நம்ம மூச்சுக்குழல்லயே இருக்கு, அதைத்தான் யாரும் சொல்றதில்ல. குழாயோட உள்சுவர்ல அடியில ஒட்டிக்கிட்டு பேசல் செல்னு ஒண்ணு இருக்கு, நாத்தங்கால் மாதிரின்னு வச்சுக்கங்க, மேல எது அழிஞ்சாலும் இதுல இருந்துதான் புதுசு வரணும், சளி சுரக்கற செல்லும் இதுல இருந்துதான், அந்தச் சளியை மேல தள்ளிவிடற பொடி மயிர் இருக்கற செல்லும் இதுல இருந்துதான். சாதாரணமா அது பாட்டுக்கு மெதுவா வேலை பாக்கும், ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து சுவர் உரிஞ்சு போச்சுன்னா வேகம் எடுத்து மூடிரும். கீழ, நுரையீரலுக்குள்ள இருக்கற குட்டிக் காத்துப் பையில இந்த வேலைக்கு வேற செல் இருக்கு.

புகையும் தூசியும் தினம் தினம் பட்டுக்கிட்டே இருந்தா இந்த பேசல் செல்லோட கணக்கு தப்பிப்போகுது. சளி செல்லா உண்டாக்கித் தள்ளும், மயிர் செல் கொறைஞ்சு போகும், சளி மேல ஏற வழியில்லாம அங்கனயே தேங்கி காலைல எந்திரிச்சதும் அந்த இருமல், கேட்டிருப்பீங்களே. இன்னும் போனா சுவரே தோல் மாதிரி தடிச்சுப் போகும், வருசக்கணக்கா மரபணுல அடி விழுந்துக்கிட்டே இருந்தா ஒரு வகை நுரையீரல் கேன்சரும் அங்க இருந்துதான் கிளம்புது.

2020ல லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் அங்க இருக்கற மரபணு ஆராய்ச்சி நிலையமான சாங்கர் இன்ஸ்டிடியூட்டும் சேந்து செஞ்ச ஆராய்ச்சி நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகைல வந்துச்சு. சிகரெட்டை விட்டவங்களோட மூச்சுக்குழல்ல, குடிச்சதே இல்லாதவங்க செல் மாதிரியே நல்ல செல் திரும்ப பெருகியிருந்துச்சு, சிலருக்கு 40 சதவீதம் வரைக்கும், இன்னும் குடிக்கறவங்களைவிட நாலு மடங்கு. 15 ஆயிரம் பாக்கெட்டுக்கு மேல ஊதித் தள்ளினவங்களும் அதுல இருந்தாங்க! ஊசியே போடாம, புகையை நிறுத்துனதுக்கே இது. ஆனா அழிஞ்சுபோன காத்துப் பை திரும்ப வராது, அதையும் சொல்லியாகணும், அதான் சீக்கிரம் நிறுத்துங்கன்னு கெஞ்சறோம்.

நரம்புல ஏத்தற ஸ்டெம் செல்லோ எலும்பு மஜ்ஜை, தொப்புள்கொடின்னு வேற எடத்துல இருந்து எடுக்கறது. அது மூச்சுக்குழல் சுவரா மாறி ஒக்காந்துக்காது. அமெரிக்கால 62 மூச்சிரைப்பு நோயாளிங்களை வச்சு சோதிச்சு 2013ல ரிசல்ட் போட்டாங்க, கெடுதல் ஒண்ணும் பெருசா இல்ல, ஆனா நுரையீரல் ஊதற அளவு தேறவும் இல்ல. நம்ம ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்ல ரத்த சம்பந்தமான நோய்க்கு மஜ்ஜை மாத்தறதைத் தவிர மத்த ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் ஆராய்ச்சியாத்தான் செய்யணும், நோயாளிகிட்ட அதுக்குக் காசு வாங்கக்கூடாதுன்னு இருக்கு. அப்புறம் எந்தக் கணக்குல ரெண்டேமுக்கா லட்சம்?

இழுப்பு இருக்கறவங்க தோப்பூர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்கோ ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ போங்க, ஊதிப் பாக்கற டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, குடுக்கற இன்ஹேலரை ஒழுங்கா இழுக்கக் கத்துக்கங்க, பாதிப் பேரு அதை வாய்க்குள்ள தெளிச்சுட்டு வேலை செய்யலங்கறாங்க. வீட்டுல கேஸ் இருந்தும் ருசிக்குன்னு விறகுல சமைக்கச் சொல்ற ஆம்பளைங்க தயவுசெஞ்சு அதை விடுங்க.

உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன் சார். இந்த மாதிரி விளம்பரம் உங்க பேப்பருக்கு வந்தா சிடிஆர்ஐ (நோயாளிகளை வச்சு நடத்தற மருத்துவ சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு நம்பர் கேளுங்க, நெட்லயே யாரும் காசில்லாம தேடிப் பாக்கலாம். நம்பர் இல்லன்னா போடாதீங்க. நம்பர் இருந்து, நோயாளிகிட்ட காசும் கேக்கறாங்கன்னா அதை ஒரு செய்தியாவே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மேலூர், மதுரை மாவட்டம்