பேத்திக்கு வந்த ஊசிப் படிவம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் பேத்தி ஸ்கூல்லேர்ந்து கர்ப்பப்பை வாய் புத்துநோயைக் கொண்டு வர்ற ஹெச்பிவிங்கிற வைரஸுக்கு எதிரா போடுற தடுப்பூசிக்கான சம்மதப் படிவம் கொண்டாந்தா, ரெண்டு பக்கம், பொடிப்பொடி எழுத்து, மருமக அதை மடிச்சு ஃப்ரிட்ஜ் மேல வச்சுட்டா, ஊசி போட்டா பின்னாடி புள்ளை தங்காதுன்னு வாட்ஸ்அப்ல யாரோ அனுப்பினாங்களாம். சுத்தப் பொய்ங்க அது. நம்ம தென்னாப்பிரிக்காவுல 2014லேர்ந்தே அரசுப் பள்ளிக்கூடத்துல பொண்ணுங்களுக்கு இலவசமா போடுறாங்க. கர்ப்பப்பை வாய் புத்துநோய் 100 பேருக்கு வந்தா சுமார் 70 பேருக்கு காரணம் இந்த வைரஸோட 16, 18ங்கிற ரெண்டு வகைதான், ஊசி அதைத்தான் தடுக்குது. எங்க அக்கா அந்த நோய்லதான் போனாங்க, கடைசி மூணு மாசம் நாந்தான் துணி மாத்தி விட்டேன், அந்த வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகல.

ஆனாலும் இந்த ஊசியை கட்டாயம் ஆக்கணும்னு சொன்னா அதுல எனக்கு சம்மதம் இல்ல, மிரட்டினா அன்னிக்கு புள்ளைக்கு லீவு போட்டுருவாங்க. தட்டம்மை கதை வேற, பக்கத்துல உக்காந்தாலே ஒட்டிக்கும், 2022ல லிம்போப்போ மாகாணத்துல ஆரம்பிச்சு எத்தனை மாகாணத்துக்கு பரவுச்சு, அதுக்கு கட்டாயம் வச்சா நான் முழுசா ஒத்துக்குவேன். ஹெச்பிவிக்கு நர்ஸம்மா ஒரு சாயங்காலம் கோயில் மண்டபத்துல உக்காந்து தாய்மாருங்க கேக்குறதுக்கு பொறுமையா பதில் சொல்லட்டும்.

நேத்து மருமக படிவத்தை எடுத்து மேசைல வச்சிருக்கா. இன்னும் கையெழுத்து போடல.

ஒரு பாட்டி,
சாட்ஸ்வர்த், டர்பன்